தங்கத்தில் வரும் க

உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் அதிகமானால் இலைதான் வளரும், கிழங்கு வளராது. பூனாவின் போபோடியில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாத்தியை இந்த மார்கழியில் பார்த்தவர்கள் எல்லோரும் செழிப்பைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். செழிப்புதான். மேலே முழங்காலைத் தாண்டி இலை. அடியில் கோலிக்குண்டு.

இதை நான் தமிழில் சொல்ல வேண்டும், மங்கையர்க்கரசி டீச்சர் மராத்தியில் மாற்றி மாஜிஸ்ட்ரேட் ஐயாவிடம் சொல்வார் என்று ஏற்பாடு. டீச்சருக்கு நன்றி. ஆனால் ஏற்பாடு அநாவசியம். கும்பகோணத்திலிருந்து பூனாவுக்கு வரும்போது எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை ஹிந்தியில்தான் குப்பை கொட்டினேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று மனுப் போட்டது என் வக்கீல் ஹரீஷ். ஏன் போட்டான் என்பதற்குப் பிறகு வருகிறேன். வழக்கே அதில்தான் இருக்கிறது.

ஒப்புக்கொள்ளக் கட்டாயம் இல்லை, சொல்வது எனக்கு எதிராகவே திரும்பும் என்று ஐயா எச்சரித்தார். புரிந்தது. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஏரவாடா ஜெயிலில் சாப்பாடுகூட மோசமில்லை. கிழங்கு நன்றாக வெந்திருக்கிறது.

இறந்துபோன பாலச்சந்திரனைப் பற்றி முதலில் நல்லதாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்க்காரர். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் போபோடித் தமிழர் நலமன்றத்தின் செயலாளர். வரவேற்புரை என்று ஆரம்பித்தாரானால் வந்தவர்கள் கிளம்பும் நேரம் ஆகிவிடும். யாரையும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். கழுத்தை அறுத்தால்கூட மரியாதையாக அறுப்பார்.

அவர் ஒரு கதை சொல்வார். கர்னல் போசலேயின் மனைவி எங்கள் மன்றத்து விழாவில் ஒரு தடவை பாடினார். பருமனான அம்மாள், நல்ல சாரீரம். நான் மேடையேறி, நீங்கள் பாட்டு மிக நன்றாகப் பாடுகிறீர்கள் என்று ஹிந்தியில் பாராட்டினேன். ஆப் கானா பஹுத் அச்சா காத்தீ ஹைன். சரியான வாக்கியம். ஆனால் அந்த இரண்டு 'க'வையும் தங்கத்தில் வரும் 'க'வாகச் சொல்ல வேண்டுமாம், நான் கண்ணில் வரும் 'க'வாகச் சொல்லிவிட்டேனாம். அதனால் அந்த அம்மாளுக்கு, நீங்கள் சாப்பாடு மிக நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதாம்.

அன்று முதல் பொங்கல், தீபாவளி, பாரதி விழா, யார் வீட்டு வளைகாப்பு என்று பாக்கியில்லாமல் பாலச்சந்திரன் இதைச் சொல்லிவந்தார். "நம்ம மகாதேவன் சார் இருக்காருங்களே," என்று ஆரம்பித்தாலே குழந்தைகள் சிரிக்கும். கதையும் வளர்ந்தது. கடைசியில் அந்த அம்மாள் அழுதுகொண்டே பட்டினி கிடந்தார் என்கிற அளவுக்கு வந்திருந்தது. நானும் ஒவ்வொரு முறையும் சிரித்தேன். சிரிக்கிறவனுக்கு வலிக்கவில்லை என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

தோட்டத்துக்கு வருகிறேன். போன ஐப்பசியில் வெங்காயம் தங்கமாகிவிட்டது ஐயாவுக்கும் நினைவிருக்கும். என் மனைவி சரசா வெங்காயத்தை நகை வைக்கிற பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாம்பாரில் அது மிதப்பதை விருந்தாளிகள் எண்ணினார்கள். அந்தச் சமயத்தில்தான் நான் மன்றத்தில் 'மண்ணோடு பேசுவோம்' என்ற தலைப்பில் உரையாற்றினேன். படங்கள் போட்டுக் காட்டினேன். நம் தேவையை நாமே விளைவிக்க முடியும், ரசாயனம் வேண்டாம், மண்ணுக்குக் காது உண்டு என்றேன். கைதட்டல் நிற்கவில்லை. பாலச்சந்திரன்கூடத் தட்டினார். உடனே தீர்மானம் போட்டார்கள்: இந்தப் பொங்கலன்று மன்றத்தார் அனைவரும் மகாதேவன் வீட்டுத் தோட்டத்தில் கூடுவது, சிறப்பு விருந்தினர் கையால் முதல் கிழங்கும் முதல் வெங்காயமும் எடுப்பது, மகாதேவனுக்குப் பொன்னாடையும் 'உழவர் மாமணி' பட்டமும் தருவது. சிறப்பு விருந்தினர் யார் என்பதைச் செயலாளர் முடிவு செய்தார். கர்னல் மனைவி.

நான் மண்ணோடு பேசினேன். மண் பதில் சொல்லவில்லை. போகிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தேன். கோலிக்குண்டு என்றேனே, அது. வெங்காயம் அதைவிட மோசம். குண்டு பிடிக்காமல் பூத்தண்டு விட்டு நின்றது, தடித்த கழுத்தோடு.

சரசாவிடம் சொன்னேன். "ஏன்னா, விளையலைன்னு சொல்லிட்டுப் போங்கோளேன். சிரிப்பா, அவ்வளவுதானே," என்றாள்.

அவ்வளவுதான் என்று அவளால் சொல்ல முடிந்தது. அவளைப் பற்றிக் கதை எதுவும் கிடையாது.

நான் மஞ்சர் சந்தை வரைக்கும் போய் ஒரு சாக்கு கிழங்கும் வெங்காயமும் வாங்கி வந்தேன். கிழங்கில் பிரச்சினை இல்லை. மண்ணுக்குள் வைத்தால் மண்ணில் விளைந்ததுதான். வெங்காயத்தில்தான் வேலை. கடை வெங்காயத்துக்குத் தாள் இருக்காது. என் செடிகளின் தாளைப் பறித்து, ஒவ்வொரு வெங்காயத்தின் தலையிலும் பல்குச்சியால் குத்தி நிறுத்தினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. பொறுமையான வேலை. எனக்குப் பொறுமை உண்டு.

பொங்கலன்று காலையில் தக்டூ வந்தான். ஏரவாடாப் பக்கமிருந்து கூலி வேலைக்கு வருகிற மராத்திக்காரன், நல்ல உழைப்பாளி. சாக்கில் இருப்பதைப் பாத்தியில் புதைக்க வேண்டும். ஆனால் எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சாக்கைக் கையால் சுட்டிக் காட்ட முடியாது. அதனால் குளியலறை ஜன்னல் வழியாக, "ஆலு காந்தா சப் காட் தோ," அதாவது கிழங்கு வெங்காயம் எல்லாவற்றையும் புதைத்துவிடு என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனேன்.

இங்கே டீச்சர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஹிந்தியில், தங்கத்தில் வரும் 'க'வைப் போட்டு 'காட்' என்றால் புதை. மராத்தியில், கண்ணில் வரும் 'க'வைப் போட்டு 'காட்' என்றால் தோண்டி வெளியே எடு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அது நம் எழுத்தின் குறை. என் நாக்கின் குறை அல்ல.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தக்டூ எல்லாவற்றையும் எடுத்திருந்தான். பாத்தி முழுவதும் பறித்து, கோலிக்குண்டுகளைத் துடைத்து, சாக்குத் துணியில் வரிசையாக அடுக்கியிருந்தான், சுவாமிக்கு நைவேத்தியம் வைத்ததுபோல. அதோடு நிற்கவில்லை. இவ்வளவு பெரிய செடிக்கு இவ்வளவுதான் கிழங்கா, நல்லதெல்லாம் இன்னும் கீழே இருக்கும் என்று நம்பித் தோண்டிக்கொண்டே போயிருக்கிறான். குழி அவன் இடுப்பளவு இருந்தது. என் உரையை நம்பிய ஒரே ஆள்.

அவனைத் திட்டினேன். குரலை உயர்த்தவில்லை; நான் உயர்த்துவதில்லை. முன்பக்கம் போய் நாற்காலி போடச் சொன்னேன். சரசா வாசலில் பெரிய கோலம் ஒன்றில் இறங்கியிருந்தாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கை இழுத்துவந்து குழி ஓரத்தில் கவிழ்த்தேன். அப்போது பின்பக்கத்துக் கதவு திறந்தது. மைக் வந்துவிட்டதா என்று பார்க்கச் செயலாளர் முன்னதாகவே வந்திருந்தார். பட்டு வேட்டி, சந்தனம், சட்டையில் மன்றத்தின் பேட்ஜ்.

ஒரு பக்கம் கோலிக்குண்டு. இன்னொரு பக்கம் மஞ்சர் கிழங்கு. நடுவில் நான். அவர் குனிந்து ஒரு வெங்காயத்தைத் தாளைப் பிடித்துத் தூக்கினார். தாள் கையோடு வந்தது, வெங்காயம் கீழே நின்றது.

"என்னங்க சார் இது," என்றார், "வெங்காயத்துல பல்குச்சி மொளச்சிருக்குதுங்க?"

நான் தக்டூவின் மேல் பழியைப் போட்டேன். சொன்னதைச் செய்யாமல் மாற்றிச் செய்துவிட்டான் என்றேன். இப்போது யோசித்தால் அது தவறு. வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"காட் தோ என்றேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தனம் வழிந்தது.

"பொதைக்கச் சொல்றதுக்கு எடுக்கச் சொல்லிப்போட்டீங்களே சார். ஐயோ. அது 'காட்' இல்லீங்க. 'கா'வ அடி வயித்துலேர்ந்து கொண்டாரோணும். தங்கத்துல வருமில்லீங்க, அந்தக் 'க'. எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

சொன்னேன்.

"இல்லீங்க. இன்னும் கீழ. தொண்டைய அழுத்துங்க."

மறுபடியும் சொன்னேன். அறுபது வயதுக்கு மேல், ஈரத் தலையோடு, என் தோட்டத்தில் நின்று, எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டிய நாளில், ஆனா ஆவன்னா படிக்கிறவனைப்போல நான் அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்றாவதோ நான்காவதோ முறை அவர் என் தோளைத் தட்டினார். "ஆங், இப்ப வருதுங்க. முந்தியே எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்லீங்க." அவர் நல்ல ஆசிரியர். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

"பயப்படாதீங்க சார், பட்டம் உங்களுக்குத்தான். பட்டம் குடுத்ததுக்கு அப்பறம் சொல்லிக்கலாம். அந்தம்மா வேற வர்றாங்க. பழைய கதைக்கு ரெண்டாம் பாகம் கெடைச்சிருச்சுங்க." மேடையில் காட்டுவதற்காக, கோலிக்குண்டுகளில் ஆகச் சின்னதைத் தேடிக் குழி ஓரத்தில் குனிந்தார்.

மண்வெட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பின்பக்கத்தால் அடித்தேன், வெட்டும் பக்கத்தால் அல்ல. மண்கட்டி உடைக்கும்போது செய்வதுபோல, காதுக்குச் சற்று மேலே. சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம் இல்லை. ஈரச் சாக்கைக் கல்லில் போடுகிற சத்தம். அவர் ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். அந்தக் கையின் மேல் இரண்டாவது அடி. விரல்கள் திரும்பிய திசை சரியாக இல்லை. மூன்றாவது அடி முகத்தில். அதற்குப் பிறகு அவர் குழிக்குள் போய்விட்டார். நான் தள்ள வேண்டியிருக்கவில்லை. பட்டு வேட்டி கலைந்திருந்தது. அதைச் சரி செய்தேன்.

அவர் இறந்திருக்கவில்லை. வாயில் பல்லும் ரத்தமுமாக இருந்தது. ஒரு கண் மூடிவிட்டது. மற்றது என்னைப் பார்த்தது. "சார்," என்றார். 'ங்க' போடவில்லை. அந்த மனிதர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் வந்து நான் கேட்ட ஒரே சொல்.

அவர் மேல் சாக்குத் துணியை விரித்தேன். அதன் மேல் பறித்த செடிகளை அள்ளிப் போட்டேன். கோலிக்குண்டுகளையும் பூத்த வெங்காயத்தையும் கொட்டினேன். எல்லாம் சேர்ந்து தோட்டக் குப்பைபோலத்தான் தெரிந்தது. பிறகு தக்டூவைக் கூப்பிட்டேன். அவன் வந்து குழி ஓரத்தில் நின்றான். அவனிடம் ஒரு சொல் சொன்னேன்.

அவன் மண்ணைத் தள்ளினான். பாதி நிரம்பியதும் மண் ஓரிடத்தில் கொஞ்சம் அசைந்தது. பெருச்சாளி என்று நினைத்தான். எங்கள் பக்கத்தில் அந்தத் தொல்லை உண்டு. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அந்த இடத்தில் ஓங்கி ஓங்கித் தட்டினான். ஏறி நின்று மிதித்தான். அசைவு நின்றது. "சரிதானா சாஹேப்?" என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்றேன். மேலே மஞ்சர் கிழங்கை வைத்து மூடினோம். செடிகளில் வாடாதவற்றை நட்டோம். வெங்காயத்தை நானே வைத்தேன்.

விழா குறித்த நேரத்தில் தொடங்கவில்லை. செயலாளருக்காகக் காத்திருந்தார்கள். அவர் மனைவி கிரிஜா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். "முன்னாலயே வந்தாருங்களே, பாக்கலீங்களா அண்ணா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை அம்மா என்றேன். கடைசியில் வரவேற்புரையை நானே ஆற்றும்படி ஆயிற்று. சுருக்கமாக முடித்தேன். எல்லோரும் நிம்மதியாக உணர்ந்ததைக் கவனித்தேன். கர்னல் மனைவி தம் கையால் கிழங்கு எடுத்தார். கைதட்டல். வெங்காயத்தை மட்டும் நானே பிடுங்கிக் கொடுத்தேன், அம்மாளின் நகம் கெட்டுவிடும் என்று. அவர் உற்சாகமாகி, "இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டட்டுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். மண்ணுக்கு வலிக்கும் என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். பொன்னாடை நல்ல பட்டு.

மறுநாள் மாட்டுப் பொங்கல். பின்பக்கம் சுத்தம் செய்ய வந்த தக்டூ, குழியில் போட்ட சின்னக் கிழங்கை எடுத்துக்கொள்ளட்டுமா என்று சரசாவிடம் கேட்டிருக்கிறான். தோலோடு வறுத்தால் ருசியாக இருக்குமாம். "மண்ணுல கெடந்து வீணாத்தானே போறது," என்று சரசா தாராளமாக அனுமதி கொடுத்துவிட்டாள். அவன் தோண்டினான். பிறகு நடந்ததெல்லாம் ஐயாவின் காகிதங்களில் இருக்கிறது. அடியால் சாகவில்லை, மூச்சுக்குழாயில் மண் இருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது ஹரீஷுக்கு வருகிறேன். எங்கள் தெருப் பையன்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் அவனுக்குச் செருப்பில் கல் மாதிரி. ஜெயிலில் என்னைப் பார்க்க வந்து மிகுந்த சந்தோஷத்தோடு சொன்னான்:

"அங்கிள், கேஸ் ரொம்ப சிம்பிள். அடிச்சது கோவத்துல. அது சின்ன விஷயம். பொதைச்சதுதான் பெரிய விஷயம், அதுக்குத்தான் தூக்கு வரைக்கும் போகும். ஆனா நீங்க தக்டூகிட்ட 'எடு'ன்னு சொன்னீங்க, காப்பாத்தறதுக்கு. அவனுக்குப் 'புதை'ன்னு கேட்டுது. காலைலயே அதே மிஸ்டேக் ஆயிருக்கில்ல? கானா ஸ்டோரிக்கு நூறு சாட்சி இருக்கா. நீங்க ஒரே ஒரு சென்டன்ஸ் சொன்னாப் போதும் அங்கிள். 'எனக்கு ஹிந்தி சரியா வராது.' அவ்வளவுதான்."

அதற்காகத்தான் மொழிபெயர்ப்பாளர். எனக்கு ஹிந்தி வராது என்பதை இந்த அறைக்குள் நுழையும்போதே எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

தக்டூவின் வாக்குமூலத்தையும் படித்துக் காட்டினான். "சாஹேபுக்கு ரெண்டு வார்த்தையும் ஒண்ணுதான். காலைல 'எடு'ன்னார், எடுத்தேன், திட்டினார். அப்புறமும் 'எடு'ன்னுதான் சொன்னார். மறுபடியும் திட்டு வாங்க வேண்டாம்னு மூடிட்டேன்." இப்படிச் சொல்லியிருக்கிறான். என்னிடம் எத்தனையோ பொங்கலுக்கு வேட்டி வாங்கிக் கட்டியவன்.

சரசாவும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். "எடுன்னு சொல்லணும்னா 'நிகால்'னு சொல்லிட்டுப் போறது, எல்லாருக்கும் புரியுமே. உங்களுக்கு வராத வார்த்தையை ஏன்னா எடுக்கறேள்? ஹரீஷ் சொல்றபடி சொல்லிடுங்கோளேன். சிரிப்பா, அவ்வளவுதானே."

அவ்வளவுதானே என்று மறுபடியும் சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன். உயிரோடு வெளியே வருவேன். மன்றத்தில் பழைய கதையைச் சொல்லப் புதுச் செயலாளர் ஒருவர் வருவார். நம்ம மகாதேவன் சார் இருக்காரே, அவர் ஒருத்தரை வெளியே எடுக்கச் சொன்னாராம், என்று ஆரம்பிப்பார். குழந்தைகள் சிரிக்கும்.

ஆகவே ஐயா, நடந்ததை எழுதிக்கொள்ளுங்கள். தக்டூ பொய் சொல்கிறான். ஹரீஷ் சின்னப் பையன். நான் அவனைக் கூப்பிடுவதற்கு முன், குழியில் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சொல்லை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அடி வயிற்றிலிருந்து எடுத்தேன். தொண்டையை அழுத்தினேன். அவர் சொல்லிக்கொடுத்தபடியே, தங்கத்தில் வரும் 'க'வைப் போட்டு, புதை என்றுதான் சொன்னேன். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்து சொன்னேன். அதில் குழப்பம் எதுவும் இல்லை. டீச்சர், இந்த ஒரு சொல்லை நீங்கள் மாற்ற வேண்டாம். நானே ஐயாவிடம் நேராகச் சொல்கிறேன், அவர் காதால் கேட்டு எழுதட்டும்.

காட்.

என்ன கேட்கிறார்?

'எடு' என்று சொன்னதாக எழுதிக்கொள்ளட்டுமா என்றா?

இல்லை டீச்சர். மின்விசிறிச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அதை நிறுத்தச் சொல்லுங்கள். நான் இன்னொரு தடவை சொல்கிறேன்.

காட்.